ஒப்பாரியை எடுக்காதேயுங்கோ!

விசுவாசமும் கலையும்: ஹில்ஸ்பரோவிலிருந்து சில சிந்தனைகள்

ஊரில் பெரிய வெள்ளி என்றால் பங்குனி, சித்திரை வெயில். கோயில் வளவின் மணல் காலைச் சுடும். பந்தலின் கீழ் பாய் விரித்து இருப்போம். மதியம் தொடக்கம் பசாம் படிக்கும் குரல் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த நாட்டில் அதே நாள் இலையுதிர் காலத்தில் வருகிறது. ஹில்ஸ்பரோ மேட்டில் நின்று மனுக்காவ் குடாவைப் பார்த்தால் குளிர்காற்று முகத்தில் அடிக்கிறது. மரங்கள் இலை கொட்டுகின்றன. கடைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. பசாம் படிக்க ஆளில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத் தொடக்கத்தில், இந்தக் குறையைப் பேசித் தீர்க்க நாம் சில குடும்பங்கள் ஹில்ஸ்பரோவில் ஒரு வீட்டு ஹோலில் கூடினோம். கத்தோலிக்கரும் இருந்தோம், தென்னிந்தியத் திருச்சபையாரும் மெதடிஸ்தரும் இருந்தோம். அகதியாக வந்த பின் எம்மிடையே அந்த வேற்றுமை பெரிதாக இல்லை. பெரிய வெள்ளியன்று பிள்ளைகளைக் கொண்டு ஆண்டவரின் பாடுகளை ஒரு நாடகமாகப் போடுவோம் என்பது யோசனை. தேநீர் ஆறுவதற்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

"பிள்ளையளுக்குத் தமிழ் ஓடாது. ஆங்கிலத்திலை ஆயத்தமாய் எத்தினை நாடகம் கிடக்கு, அதிலை ஒண்டை எடுத்துச் செய்வம்" என்றார் ஒருவர். "கூத்தும் நாடகமும் செபமோ? பெரிய வெள்ளியிலை முழந்தாளிலை நிக்காமல் வேசம் கட்டுறதோ?" என்றார் ஓர் அக்கா. குருநகரில் பிறந்து கூத்துக் களரியிலேயே வளர்ந்த ஒரு மாமா மட்டும், தென்மோடி மெட்டில் மாதாவின் ஒப்பாரியாவது இருக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார்.

அந்த இடத்தில் ஹோல் அமைதியாகிவிட்டது. எல்லோருடைய கண்ணும் குசினி வாசலில் கதிரை போட்டிருந்த ஓர் அம்மாவின் பக்கம் திரும்பியது. அவருடைய மகன் 2009ஆம் ஆண்டு இறுதிப் போருக்குப் பின் காணாமற் போனவர்களில் ஒருவர். சிலுவையடியில் தாய் அழும் பாட்டை அவர் முன்னால் எப்படிப் பாடுவது? "ஒப்பாரியை எடுத்துவிடுவம்" என்று மெதுவாக ஒருவர் சொன்னார். அந்த அம்மா சொன்ன பதிலைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறோம்.

எந்த மொழியில், எந்த மெட்டில் இறைவனைப் பாடுவது? கலை செபமாகுமா? ஆறாத துயரத்துக்குக் கோயிலில் இடமுண்டா? அன்று எழுந்த இந்த மூன்று கேள்விகளும் புதியவை அல்ல. எமக்கு முன் பலர் இவற்றோடு போராடியிருக்கிறார்கள்.

அடைக்கலம் தந்த வீடு

எமது வாசகர்களில் ஒக்லண்டில் வாழ்பவர்கள் மொன்ரே சிசிலியா பூங்காவை அறிவார்கள். ஹில்ஸ்பரோவில் பெரிய மரங்கள் நிறைந்த அந்தப் பூங்காவின் மேட்டில் 'பா ஹோம்ஸ்ரெட்' என்ற பழைய மாளிகை நிற்கிறது. 1877க்கும் 1879க்கும் இடையில் ஜேம்ஸ் வில்லியம்சன் என்ற செல்வந்தர் தமக்காகக் கட்டியது. செல்வம் நிலைக்கவில்லை, வீடு கைமாறியது. 1913 தொடக்கம் அது கத்தோலிக்கரிடம் இருந்தது. இரக்கத்தின் சகோதரிகள் என்ற கன்னியர் சபையினர் அங்கே பணி செய்தார்கள். 1980களில், இருக்க இடமில்லாத குடும்பங்களுக்கு அவசரத் தங்குமிடமாக அந்த வீடு திறந்துவிடப்பட்டது. பின்னர் நகரசபை அதனை வாங்கித் திருத்தியது. 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அது ஓவியக் கூடமாகத் திறக்கப்பட்டது.

செல்வந்தரின் மாளிகை, கன்னியர் இல்லம், வீடற்றோரின் புகலிடம், ஓவியக் கூடம். ஒரே கூரையின் கீழ் இத்தனை வாழ்வுகள். வீடில்லாமல் வந்தவர்கள் நாம் என்பதால் எமக்கு இந்த வரிசை வேறு விதமாகப் படுகிறது. பாய் விரித்துப் படுக்க இடம் கொடுத்த சுவர்கள்தான் பின்னர் படம் மாட்ட இடம் கொடுத்தன. சிசிலியா என்பதோ திருச்சபை மரபில் இசைக்குக் காவலாக நிற்கும் புனிதையின் பெயர். கலையும் அடைக்கலமும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல என்று அந்த மேடு எமக்குச் சொல்வது போலிருக்கிறது.

எந்த மெட்டில் பாடுவது?

முதற் கேள்விக்கு வருவோம். எமது சபைகளில் கீர்த்தனை பாடி வளர்ந்தவர்கள் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை மறக்க முடியாது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறு வயதிலேயே சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று படிப்பித்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசியும் அதே ஆசிரியரின் அரவணைப்பில் வளர்ந்தவரே. சாஸ்திரியார் கோயிலிலும் அரண்மனையிலும் வழங்கிய குறவஞ்சி என்ற ஆடற் பாடல் வடிவத்தை எடுத்தார். மலைநாட்டுத் தலைவனுக்குப் பதிலாகக் கிறிஸ்துவைத் தலைவராக வைத்தார். பெத்லகேம் குறவஞ்சி பிறந்தது. தமிழர் காதில் ஏற்கனவே இருந்த மெட்டில் நற்செய்தி நுழைந்தது.

அது எளிதாக நடந்துவிடவில்லை. 1820களில் புதிதாக வந்த மிஷனரிமார் சிலர் தமிழ்ப் பாட்டும் கருவிகளும் ஆராதனைக்கு ஒவ்வாதவை என்றார்கள். சாஸ்திரியார் எதிர்த்து முறையீடு எழுதினார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், விழாக்களில் பூவை விலக்குகிறார்கள், தமிழ்ப் பாடல்களைத் தடுக்கிறார்கள் என்பவை அவருடைய குறைகள். இன்று நாம் பாடும் கீர்த்தனைகள் நிலைத்திருப்பதற்கு அந்தப் பிடிவாதமும் ஒரு காரணம் எனலாம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அதே முறையீட்டில் இன்னொரு குறையும் இருந்தது. சாதிகளை ஒன்றாக இருத்துகிறார்கள் என்பதே அது. தமிழ் இசைக்காக நின்ற அதே பேனா சாதி வேற்றுமைக்காகவும் நின்றது. எமது ஊர்க் கோயில்களிலும் வாங்கிலும் சவக்காலையிலும் சாதி பார்த்த காலம் இருந்ததை எம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். ஆகவே "எமது மரபு" என்று சொல்லும்போது எதைக் காக்கிறோம் என்று ஒரு முறைக்கு இரு முறை பார்க்க வேண்டும். மெட்டைக் காப்பது வேறு, மேட்டிமையைக் காப்பது வேறு.

இந்த நாட்டின் மூத்த குடிகளும் இதே கேள்வியைத் தமது வழியில் சந்தித்திருக்கிறார்கள். றொட்டோருவாவில் ஒஹினேமுத்து என்ற மாவோரிக் கிராமத்தில் புனித ஃபெயித் ஆலயம் இருக்கிறது. விடுமுறைக்குப் போகிறவர்கள் பார்க்கத் தவற வேண்டாம். அங்கே ஏரியை நோக்கிய பெரிய கண்ணாடி யன்னலில், மாவோரித் தலைவர்கள் அணியும் மேலங்கியோடு கிறிஸ்துவின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. வாங்கில் இருந்து பார்த்தால், கண்ணாடிக்கு வெளியே கிடக்கும் றொட்டோருவா ஏரியின் மீது அவர் நடந்து வருவது போலத் தெரியும். கலிலேயாக் கடல் அவர்களுடைய ஏரியாகிவிட்டது. அப்படியானால் பருத்தித்துறைக் கடலிலும் மனுக்காவ் குடாவிலும் அவர் நடக்கக் கூடாதா?

கூத்து செபமாகுமா?

இரண்டாவது கேள்வி அந்த அக்காவினுடையது. அவருடைய பயத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. கைதட்டலுக்காகச் சிலுவையைத் தூக்கினால் அது வெறும் வேடிக்கையாகிவிடும் என்பது நியாயமான பயம்.

ஆயினும் எமது கத்தோலிக்க முன்னோரின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட காலத்தில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. அந்த நாளில் கோவாவிலிருந்து 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள். 1742இல் இறக்கும்வரை சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக்கொண்டே இருந்தார். தவக்காலத்தில் எமது மூத்தவர்கள் வாசித்த வியாகுலப் பிரசங்கம் அவருடையது. குருமார் ஒளிந்து திரிந்த நாட்டில், எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் விசுவாசத்தைக் கொண்டு சேர்த்தவை பாட்டும் ஒப்பாரியும் பாடுகளின் காட்சியுமே. மன்னார்ப் பேசாலையில் உருவங்களை வைத்து நடத்தும் உடக்குப் பாஸ் அந்தப் பரம்பரையில் வந்தது.

குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கடலோரக் கிராமங்களில் கத்தோலிக்கக் கூத்து வேரூன்றியது. பகலெல்லாம் கடலில் நின்றவர்கள் இரவில் அண்ணாவியாரின் வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். கொப்பியைப் பார்த்து அண்ணாவியார் பாட்டைச் சொல்லிக் கொடுப்பார். மத்தளமும் தாளமும் சேரும். மாதக்கணக்கில் பழகி, வெள்ளுடுப்புப் பார்த்து, பின்னர் களரி ஏறுவார்கள். விடிய விடிய ஆட்டம். எஸ்தாக்கியாரும் ஞானசவுந்தரியும் மூவிராசாக்களும் வேதப் புத்தகம் வாசிக்காத வீடுகளுக்குள்ளும் சொந்தக்காரர் போல வந்து போனார்கள். முழந்தாளில் நிற்பது செபமென்றால், கடலில் களைத்த உடம்பை நித்திரையின்றி வருத்தி ஒரு புனிதரின் கதையைப் பாடுவதும் செபமே என்று அந்தக் கிராமங்கள் நம்பின.

அந்த நம்பிக்கையைத் தற்கால அரங்குக்குக் கொண்டுவந்தவர் நீ. மரிய சேவியர் அடிகள். இளவாலையில் 1939இல் பிறந்த இவர், 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடக்கினார். பெயர் திருமறை என்றாலும் அதன் மேடைகளில் சைவரும் கிறிஸ்தவரும் சேர்ந்தே நின்றார்கள். பாடுகளின் காட்சிகளைப் பெரும் மேடைகளில், பெருந்தொகையான நடிகர்களோடு, தவக்காலம்தோறும் அளித்தார்கள். 'பலிக்களம்' என்ற பெயரை எமது வாசகர்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். 1990இல் யாழ்ப்பாணம் முற்றுகைக்குள் வந்து மின்சாரமும் நின்றுபோன காலம். அதே ஆண்டில் 'கலைமுகம்' என்ற கலை இதழைத் தொடங்கும் துணிவு அந்த மன்றத்துக்கு இருந்தது.

குண்டு விழும் ஊரில் நாடகம் எதற்கு என்று அன்றும் கேட்டார்கள். ஆனால் அந்த மண்ணில் பாடுகளின் காட்சி வெறும் பழைய கதையாக இருக்கவில்லை. பிடித்துக்கொண்டு போகப்பட்ட மகன், விசாரணையில்லாத் தண்டனை, கை கழுவிய அதிகாரி, பயத்தில் மறுதலித்த நண்பன், தூரத்தில் நின்று பார்த்த பெண்கள், இவர்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தமது தெருவில் கண்டவர்கள். வெளிப்படையாகப் பேச முடியாத காலத்தில், யாரையும் பெயர் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்ல நற்செய்தி ஒரு மொழியைக் கொடுத்தது.

அடிகள் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி காலமானார். அது பெரிய வியாழன். வாழ்நாளெல்லாம் பெரிய வாரத்தை மேடையேற்றியவரின் வாழ்வு பெரிய வாரத்திலேயே நிறைவெய்தியது.

இரண்டு ஓவியர்கள்

மூன்றாவது கேள்விதான் கடினமானது. ஆறாத துயரத்துக்கும் விடையில்லாத சந்தேகத்துக்கும் விசுவாசத்தின் கலையில் இடமுண்டா? இங்கே இரு ஓவியர்களை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறோம். ஒருவர் எம்மவர், மற்றவர் இந்த நாட்டவர். வாழ்நாளில் ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

எம்மவர் ஓவியர் மாற்கு. 1933இல் குருநகரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் இளைஞர்களுக்கு, சிறப்பாக இளம் பெண்களுக்கு, நவீன ஓவியத்தைக் கற்றுக் கொடுத்த ஆசான். கோயில் படங்களைப் பார்த்தபடியே திருப்பி வரையாமல், கோட்டையும் நிறத்தையும் தன் பார்வைக்கு வளைத்தவர். 1987இல் அவரைக் கௌரவித்து 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூலை யாழ்ப்பாணத்து எழுத்தாளர்களும் நண்பர்களும் வெளியிட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் இரவோடு இரவாக இடம்பெயர்ந்ததை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காலத்தின் அலைச்சலில் அவருடைய ஓவியங்கள் பலவும் அழிந்து போயின. 2000ஆம் ஆண்டு அவர் மறைந்தார். கையில் எடுத்துச் செல்லக்கூடியது எது என்று ஒரு நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டிய இரவில், ஓவியம் எத்தனை பெரிய பாரம் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் பிறப்பத்தாட்சியைத் தூக்கிக்கொண்டு கலியாணப் படத்தை விட்டுவிட்டு வந்த வீடுகள் எம்மில் எத்தனை!

மற்றவர் கொலின் மக்கான். 1919இல் ரிமாருவில் பிறந்து 1987இல் ஒக்லண்டில் இறந்தவர். நியூசிலாந்தின் மிகப் பெரிய ஓவியர் என்று இன்று போற்றப்படுபவர். 1953இல் அவர் ஒக்லண்ட் ஓவியக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது செய்த வேலை துப்புரவு வேலை. இரவில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துக் குடும்பத்தைக் காக்கும் எமது வாசகர்கள் இதை ஒரு முறை மனதில் வாங்கிக்கொள்ளட்டும். படிப்படியாக உயர்ந்து அதே கூடத்தின் துணைப் பணிப்பாளரானார்.

மக்கான் 1940களில் சிலுவையடிக் காட்சியை வரைந்தபோது எருசலேமை வரையவில்லை. நியூசிலாந்தின் மொட்டைக் குன்றுகளுக்கு நடுவே சிலுவையை நாட்டினார். பின்னாளில் உருவங்களையும் விட்டுவிட்டு, கரும்பலகை போன்ற பெரிய பரப்புகளில் வேத வசனங்களைக் கையெழுத்தாகவே எழுதினார். பத்திரிகைகளில் கேலி செய்தார்கள். அவரோ எந்தச் சபையிலும் உறுதியாக ஒட்டிக்கொண்டவரல்லர். நம்ப விரும்பினார், நம்ப முடியாமலும் தவித்தார்.

அவருடைய 'மரணத்தின் மேல் வெற்றி' வரிசையின் இரண்டாம் ஓவியம் 1970இல் வரையப்பட்டது. ஏறக்குறைய ஆறு மீற்றர் நீளம். நியூசிலாந்து அரசு 1978இல் அதனை அவுஸ்திரேலியாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. இன்று கன்பராவிலுள்ள தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அதில் 'நான் இருக்கிறேன்' என்ற இறைவனின் பெயர் பேரெழுத்தில் வெள்ளையாக எழுந்து நிற்கிறது. இடப்பக்கத்துக் கருமைக்குள் இன்னொரு சொல் மங்கலாக மறைந்திருக்கிறது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதையும் சேர்த்து வாசித்தால் அறிக்கை கேள்வியாகிவிடுகிறது: 'நான் இருக்கிறேனா?'

கிறிஸ்தவக் கலை என்றாலே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடிப்பது என்று நினைத்திருந்தோம். மக்கானின் ஓவியம் அப்படியல்ல. விசுவாசத்தின் அறிக்கையும் அதன் இருட்டான கேள்வியும் ஒரே பரப்பில் நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. சிலுவையில் ஆண்டவரும், ஏன் கைவிட்டீர் என்று கேட்டார் அல்லவா? அந்தக் கேள்வியைச் சுவிசேஷகர்கள் எடுத்துவிடவில்லை. அதை எடுத்துவிட நாம் யார்?

மகனே அல்ல, ராசா

இனி அந்த வீட்டு ஹோலுக்குத் திரும்புவோம். "ஒப்பாரியை எடுத்துவிடுவம்" என்ற பேச்சு எழுந்தபோது அந்த அம்மா குசினி வாசலில் இருந்து சொன்னது இதுதான்: "ஒப்பாரியை எடுக்காதேயுங்கோ பிள்ளையள். வீட்டிலை அழுதால் மருமகள் பயப்பிடுகிறாள். கோயிலிலை அழுதால் ஆறுதல் சொல்ல வருகினம். மாதா அழுதால் நானும் சேர்ந்து அழலாம், ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

அதற்குமேல் வாக்குவாதம் நடக்கவில்லை.

மாதாவாக நடிக்க முன்வந்தவள் பதினைந்து வயதுப் பிள்ளை. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. மாமா பாடிக் காட்டிய ஒப்பாரியை ஆங்கில எழுத்தில் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அர்த்தம் தெரியாத சொல்லுக்கெல்லாம் கேள்வி கேட்டாள். "மாமா, இதைப் பாடேக்கை மாதாவுக்குத் தெரியுமா மூண்டாம் நாள் அவர் வருவார் எண்டு?" என்றும் கேட்டாள். மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியாது எண்டு நினைச்சுப் பாடு, பிள்ளை" என்றார். ஐம்பது வருடம் கூத்துப் பாடியவருக்கு அந்தக் கேள்வி புதிது. குருநகரில் அதை எவரும் கேட்டதில்லையாம்.

ஒரு பழக்கத்தின்போது அந்த அம்மாவும் வந்திருந்தார். பிள்ளை "மகனே, மகனே" என்று பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மகனே எண்டு புத்தகத்திலைதான் கிடக்கும். நாங்கள் அப்பிடிக் கூப்பிடுறேல்லை. ராசா எண்டு பாடு" என்றார். பிள்ளை கொப்பியில் வெட்டி எழுதினாள். மாமா மெட்டைச் சற்று இழுத்து அந்தச் சொல்லுக்கு இடம் செய்தார்.

பழைய கத்தோலிக்க மெட்டு, இங்கே பிறந்த பிள்ளையின் கேள்வி, மகனைத் தொலைத்த தாயின் ஒரு சொல். இம்மூன்றும் சேர்ந்தபோது அந்த ஒப்பாரி எமதாகியது. கலைப் படைப்பு என்பதை இவ்வளவு கிட்டத்தில் நாம் அதற்குமுன் கண்டதில்லை. ஊரிலிருந்து அப்படியே கொண்டுவந்து காட்டிய பொருளாக அது இருக்கவில்லை, இந்த நாட்டில் வாங்கிய பொருளாகவும் இருக்கவில்லை.

பெரிய வெள்ளியன்று நாடகம் நடந்தது. குறைகள் இருந்தன. உரோமச் சேவகர்களின் மரப் பலகைக் கேடயம் ஒன்று நடுவில் உடைந்தது. பிலாத்து பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் தீர்ப்புச் சொன்னான். பிலாத்து வேற்று நாட்டு அதிகாரிதானே என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் "ராசா" என்ற சொல் மண்டபத்தில் எழுந்தபோது தலை குனியாதவர் எவருமில்லை. முழந்தாள் பற்றிக் கேட்ட அந்த அக்கா தாமாகவே முழந்தாளில் நின்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டோம். இரண்டு குடும்பங்கள் வரவில்லை. இப்போதும் அவர்கள் கூத்தை ஆராதனையாக ஏற்பதில்லை. அது அவர்கள் மனச்சாட்சி, மதிக்கிறோம். அந்த அம்மாவின் மகனைப் பற்றிய செய்தியும் வரவில்லை. கலை அவனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த அம்மா அழுவதற்கு ஓர் இடத்தை மட்டும் கொடுத்தது. அதுவும் ஓர் அடைக்கலமே.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

விசுவாசத்துக்கும் கலைக்கும் என்ன உறவு என்று கேட்டால், நாம் கண்டறிந்த பதில் இதுதான். விசுவாசம் கலைக்குக் கட்டளை இடும்போது நல்ல அலங்காரம் கிடைக்கலாம். விசுவாசம் கலைக்கு இடம் கொடுக்கும்போதுதான் உண்மை பேசப்படுகிறது. அந்த உண்மையில் துயரமும் சந்தேகமும் இருக்கும். இருக்கட்டும். சாஸ்திரியாரின் மெட்டும் கொன்சால்வஸ் அடிகளின் பிரசங்கமும் மரிய சேவியர் அடிகளின் மேடையும் மாற்குவின் கோடுகளும் மக்கானின் கரும்பலகையும், அவரவர் காலத்தில் யாரோ ஒருவர் "இதற்கு இங்கே இடமில்லை" என்று சொன்ன பிறகும் இடம் தேடிக்கொண்டவை.

ஆகவே அன்பான வாசகர்களே, உங்கள் வீட்டில் கூத்துப் பாடத் தெரிந்த மாமாவோ, பசாம் படிக்கத் தெரிந்த அம்மம்மாவோ இருந்தால் இந்தத் தவக்காலத்துக்குள் அவர்கள் குரலைப் பதிவு செய்து வையுங்கள். கையெழுத்துக் கொப்பி இருந்தால் படம் பிடித்து வையுங்கள். ஊரில் விட்டுவிட்டு வந்தவற்றை மீட்க முடியாது. உயிரோடு எம்மிடம் இருப்பவற்றை இழக்க நியாயமில்லை.

பதிவு செய்து அலுமாரியில் வைப்பதோடு நின்றுவிடவும் வேண்டாம். பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் ஆங்கில எழுத்தில் எழுதட்டும். சொற்களை வெட்டட்டும், எமக்குப் பதில் தெரியாத கேள்விகளைக் கேட்கட்டும். யூதாசுக்கு மன்னிப்பு இல்லையா என்று ஒரு பிள்ளை கேட்டால், வாயை மூடு என்று சொல்லாதேயுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து நாளை ஒரு பாட்டு வரலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையோ ஆராதனையோ முடிந்து வீடு திரும்பும் வழியில், பிள்ளைகளை மொன்ரே சிசிலியா பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மேட்டு வீட்டைக் காட்டி, வீடில்லாதவர்கள் ஒரு காலத்தில் இங்கே படுத்து எழும்பினார்கள், பிறகு இங்கே படங்கள் மாட்டினார்கள் என்று சொல்லுங்கள். மற்றதை அவர்களே விளங்கிக்கொள்வார்கள்.

மாமாவுக்கு இப்போது மூச்சு வாங்குகிறது. அடுத்த தவக்காலத்துக்கு அவர் பாடுவாரோ தெரியாது. அந்தப் பிள்ளையின் கொப்பி இருக்கிறது. ஓரிடத்தில் "மகனே" வெட்டி, மேலே "ராசா" என்று எழுதியிருக்கிறது.